ரிலக்டன்ட்லி என்று எழுதினால் என்ன செய்ய வேண்டும்

1. “இதை யாரு எழுதுனது?”

காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் எங்கள் சர்ஜன் நர்ஸிங் ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் ஒரு கேஸ் ஷீட். வழக்கமாக அதை மேஜையில் வைப்பார், அன்றைக்குப் போட்டார்.

“இதை யாரு எழுதுனது?”

அங்கே நின்ற நர்ஸ் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுபோல என்னைப் பார்த்தார்கள். மறைக்கவும் வழியில்லை. கோழி கிளறின மாதிரி இருக்கும் என் கையெழுத்து அந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். நான்தான் டாக்டர் என்றேன்.

“பேஷண்ட் கையெழுத்துப் போட்டாச்சு. அவரு அண்ணன் சாட்சி போட்டாச்சு. ஆபரேஷன் லிஸ்ட்ல பேரு ஏறியாச்சு. நீங்க ‘ரிலக்டன்ட்லி அக்ரீட்’னு எழுதி வச்சிருக்கீங்க. இதுக்கு நான் என்ன செய்யணும் சிஸ்டர்?”

கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்விதான். அந்தச் சொல்லை நான் எத்தனையோ வருஷமாக எழுதி வந்தேன். எழுதினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. பதில் கிடைத்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். என் பெயர் பிலோமினா. பிலோமி சிஸ்டர் என்றால்தான் திண்டுக்கல்லில் தெரியும். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சர்ஜிகல் வார்டில் இருந்து ஓய்வு பெற்று இப்போது வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நர்ஸிங் முடித்துப் புதிதாக வார்டுக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2. கஞ்சியும் கையெழுத்தும்

நம் நோட்ஸ் எல்லாம் இங்கிலீஷில் எழுத வேண்டும். பேஷண்ட் ஊர்ப் பேச்சில் சொல்வதை நாம் இங்கிலீஷில் இறக்கி வைக்கிறோம். அதில் ‘அக்ரீட்’ என்று ஒன்று இருக்கிறது, ‘ரெஃப்யூஸ்டு’ என்று ஒன்று இருக்கிறது. ஒத்துக்கொண்டார், மறுத்துவிட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ரிலக்டன்ட்லி.

நான் வேலைக்கு வந்த புதிதில் இந்தச் சொல்லைச் சாப்பாட்டுக்குத்தான் எழுதுவோம். ஆஸ்பத்திரிக் கஞ்சியை எந்த மனிதன் ஆசையாகக் குடிப்பான்? ‘டுக் கஞ்சி ரிலக்டன்ட்லி’ என்று எழுதிவிட்டுப் போவோம். குழந்தைகள் மருந்து குடித்தாலும் அதே சொல்தான். கையெழுத்துக்கு யாரும் அதை எழுத மாட்டார்கள். கையெழுத்துப் போட்டால் அக்ரீட், அவ்வளவுதான்.

அகராதியைத் திறந்தால் ‘மனமில்லாமல்’, ‘அரை மனதோடு’ என்று போட்டிருக்கும். சரிதான். ஆனால் இதைக் ‘கட்டாயத்தின் பேரில்’ என்பதோடு போட்டுக் குழப்பக் கூடாது. கட்டாயம் என்றால் வேறு யாரோ ஒருவர் தள்ளுகிறார். ரிலக்டன்ட்லி என்றால் தன்னைத் தானே தள்ளிக்கொள்கிறார். கால் ஒரு பக்கம் போகிறது, மனசு வேறு பக்கம் நிற்கிறது. அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சம்மதம் மாதிரியே தெரிகிறது.

நம் பக்கத்தில் இது இன்னும் கஷ்டம். இங்கே முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் மரியாதைக் குறைவு. ‘ஆகட்டும்’ என்பார்கள், ‘பாப்போம்’ என்பார்கள், ‘நீங்க சொன்னா சரித்தா’ என்பார்கள். வடமதுரைப் பக்கமிருந்து முழங்காலில் சீழ் வைத்து ஒரு அம்மா வந்து படுத்திருந்தது. இன்னும் ஒரு நாள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, “இருக்கேன்யா, அதுக்கென்ன, இருக்கேன்” என்று அம்புட்டுச் சந்தோஷமாகச் சொன்னது. டியூட்டியில் இருந்த பிள்ளையும் ‘அக்ரீட்’ என்று எழுதிவிட்டது. ஷிஃப்ட் மாறும்போது பார்த்தால் கட்டில் காலி. போர்வையை அழகாக மடித்து வைத்திருந்தது. நாங்கள் கக்கூஸ், கேண்டீன் எல்லாம் தேடிக் களைத்துப்போனோம். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியது, கால் கட்டோடு, கையில் ஒரு பை கத்திரிக்காயோடு. மாடு வேறு யார் கையிலும் பால் தராதாம்; கறந்துவிட்டு வந்ததாம்.

“அதான் வந்துட்டேன்ல, எதுக்குத்தா இம்புட்டுச் சத்தம்?” என்று எங்களையே கேட்டது.

அன்றிலிருந்து ஒரு ஆள் சரி என்று சொன்னதும் நான் முகத்தைப் பார்ப்பேன், கையைப் பார்ப்பேன், பிறகுதான் பேனாவை எடுப்பேன்.

3. அண்ணன் சொன்னா சரிதாங்க

சர்ஜன் கொண்டுவந்து போட்ட ஷீட் தங்கவேலுடையது. ஒட்டன்சத்திரத்துக்காரர். ஐம்பதை நெருங்குகிற வயது, நல்ல உடம்புவாகு. கழுத்தில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி கட்டி. தைராய்டுக் கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்த டெஸ்டில் கேன்சர் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலைமை.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். மனைவி சாந்தாமணி, பேசாமல் சுவரோரம் நிற்கிற பெண். இன்னொருவர் அவருடைய அண்ணன். அந்தக் குடும்பத்தில் பேசுகிற வேலை அண்ணனுடையது. பேஷண்டுக்குப் பசிக்கிறதா என்று கேட்டால்கூட அண்ணன்தான் பதில் சொல்லுவார். நல்ல மனிதர்தான். தம்பி மேல் உசுரையே வைத்திருந்தார், ஆனால் தம்பிக்கென்று ஒரு வாய் இருப்பதை மறந்துவிட்டார்.

சர்ஜன் அவர்களிடம் இரண்டு வழி சொன்னார். தைராய்டுச் சுரப்பியில் கட்டி இருக்கிற பாதியை மட்டும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம். கெட்டது என்று வந்தால் மறுபடி ஒரு ஆபரேஷன். இல்லையென்றால் ஒரேயடியாக முழுசையும் எடுத்துவிடலாம். அண்ணன் யோசிக்கவே இல்லை.

“முழுசா எடுத்துருங்க டாக்டர். குலசாமிகிட்ட பூ போட்டுக் கேட்டுட்டோமுங்க. வெள்ளைப் பூ வந்துருச்சு.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. கல்யாணம், கிணறு, ஆபரேஷன் எல்லாம் இதில் அடக்கம். சாமியே உத்தரவு கொடுத்த பிறகு யார் என்ன பேச முடியும்?

சர்ஜன் தங்கவேல் பக்கம் திரும்பி, குரல் கொஞ்ச நாளைக்குக் கரகரப்பாக இருக்கலாம், பேச்சுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்றார். எல்லாருக்கும் சொல்வதுதான். பொய்யும் இல்லை. தங்கவேல் தலையாட்டினார்.

சாயங்காலம் கையெழுத்து வாங்கப் போனது நான். சம்மதம்தானே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார்.

“அண்ணன் சொன்னா சரிதாங்க.”

கையெழுத்தும் போட்டார். அண்ணன் டீ குடிக்கக் கீழே போன பிறகு நான் அடுத்த கட்டிலில் பி.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால், தங்கவேல் இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. நோட்ஸில் ‘ரிலக்டன்ட்லி அக்ரீட்’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

4. மருந்துச் சீட்டின் இன்னொரு உபயோகம்

“என்ன செய்யணும்?” என்று சர்ஜன் கேட்டதற்கு, இன்னொரு தடவை அவரிடம் கேட்க வேண்டும், அண்ணன் இல்லாமல் கேட்க வேண்டும் என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் இறங்கும்போது அப்படிச் செய்வார். “கேட்கலாம். கேட்டு, அவர் எந்திரிச்சு ஊருக்குப் போயிட்டா? திரும்பி வர மாட்டார் சிஸ்டர். நாளைக்கு அது கெட்ட கட்டின்னு ஆனா யாரு பதில் சொல்றது?”

அவர் சொன்னது சும்மா மிரட்டல் இல்லை. அரை மனதோடு இருக்கிற ஆளிடம் மறுபடி கேட்பது, கதவைத் திறந்துவிடுவதுதான். போய்விட்டால் உயிருக்கு ஆபத்து, அதற்குக் காரணம் நான். அதற்காகக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் டாக்டர் என்றேன். கேட்டுவிட்டு வாருங்கள், லிஸ்டில் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன் என்றார். அந்த மனிதரின் குணம் அது. சத்தம் போடுவார், பிறகு நாம் சொன்னதைச் செய்வார்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஆளை நாகரிகமாக வெளியே அனுப்ப மருந்துச் சீட்டு மாதிரி ஒரு சாதனம் கிடையாது. அண்ணன் கையில் ஒன்றைக் கொடுத்து மெடிக்கலுக்கு அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தங்கவேலிடம் உட்கார்ந்தேன்.

நான் தப்பான பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தேன். பயமா என்று கேட்டேன், இல்லை என்றார். மயக்க மருந்து பற்றி விளக்கினேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பூ கேட்டதில் ஏதாவது மனக்குறையா என்றேன். அதற்குச் சிரித்தார். கடைசியில் பேச்சு வற்றிப்போய், சும்மா கேட்கிற மாதிரி, என்ன தொழில் என்று கேட்டேன். ஷீட்டில் ‘பிசினஸ்’ என்றுதான் இருந்தது. அண்ணன் சொன்னதை யாரோ எழுதியது.

“பிசினஸெல்லாம் அண்ணனுதுங்க. நான் கமிஷன் மண்டில ஏலம் கூறுறனுங்க.”

சுவரோரம் நின்ற சாந்தாமணி அப்போதுதான் வாயைத் திறந்தது. “தக்காளி, முருங்கை எல்லாம் இவிங்கதானுங்க. இவிங்க சத்தம் கேட்டாத்தான் கேரளாக்காரங்க எல்லாம் வந்து கூடுவாங்க.”

எனக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை. பேச்சுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னாரே என்றேன்.

“பேச்சு வருமுங்க. பேச்சை வெச்சு நான் என்ன பண்றதுங்க? எனக்குக் கூப்பாடுல்லங்க வேணும்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மனிதர், கண் கலங்கிவிட்டது. இதை ஏன் டாக்டரிடம் கேட்கவில்லை என்றேன்.

“எல்லாரும் என்ற உசுரப் பத்திப் பேசிட்டிருக்காங்க. அங்க போயி நான் தொண்டையப் பத்திக் கேக்கறதுங்களா? சாமியும் சரின்னுருச்சு, அண்ணனும் சரின்னுட்டாரு. இனி நான் ஆருங்க?”

முந்தின நாள் சாயங்காலம் வாய்க்குள் என்ன சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். மந்திரமெல்லாம் இல்லையாம். சத்தம் வராமல் ஏலம் கூறிப் பார்த்தாராம்.

5. பாதியா, முழுசா?

சர்ஜனிடம் போய்ச் சொன்னேன். பேஷண்ட் ஏலம் கூறுகிறவர், அவருக்குப் பேச்சு போதாது, கூப்பாடு வேண்டும் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் யோசித்தது அவர். கேட்டதும் எழுந்துவிட்டார், நேராக வார்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எங்க, ஒரு ஏலம் கூறுங்க. கேப்போம்.”

தங்கவேல் வெட்கப்பட்டார். ஆஸ்பத்திரிங்களே என்றார். பரவாயில்லை என்றார் டாக்டர். தொண்டையைச் செருமிக்கொண்டு, சும்மா ஒரு பெட்டித் தக்காளிக்கு ஆரம்பித்தார். நான் வாழ்க்கையில் மாதா கோயில் மணியைத் தவிர அப்படி ஒரு சத்தத்தைக் கிட்டத்தில் இருந்து கேட்டதில்லை. கேண்டீன்காரர் படியேறி ஓடி வந்துவிட்டார். எதிர்க் கட்டிலில் ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு காகிதம் வாங்கிப் படம் போட்டுக் காட்டினார். கழுத்தின் இரண்டு பக்கமும் பேச்சுக்கு ஒரு நரம்பு போகிறதாம். அதை எல்லாரும் கவனித்துத்தான் செய்வார்கள். அதற்கு மேலே நூல் மாதிரி இன்னொன்று இருக்கிறது. குரல் உயர எழும்ப அதுதான் வேண்டும். சாதாரண ஆளுக்கு அது அடிபட்டால் தெரியக்கூடத் தெரியாது. இவருக்குப் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

“முழுசா எடுத்தா ரெண்டு பக்கமும் கை வைக்கணும். பாதி எடுத்தா ஒரு பக்கம்தான். டெஸ்ட்ல கெட்டதுன்னு வந்தா மறுபடி வரணும், அப்ப வர மாட்டேன்னு சொல்லக் கூடாது. கூப்பாடு அப்படியே திரும்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தேடிப் பார்த்துத்தான் கத்தி வைப்பேன். இப்ப சொல்லுங்க.”

தங்கவேல் டாக்டரை நேராகப் பார்த்தார். “சரிங்க டாக்டர், பாதி மட்டும் எடுத்துருங்க. கெட்டதுன்னா நானே மறுக்கா வந்து படுத்துக்கறேன்.”

முந்தின நாளும் சரி என்றுதான் சொன்னார், அன்றைக்கும் சரி என்றுதான் சொன்னார். இரண்டையும் கேட்ட எனக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மருந்துப் பையோடு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. முழுசா எடுக்கச் சாமி உத்தரவு கொடுத்த பிறகு மாற்றினால் என்ன அர்த்தம் என்று குரலை உயர்த்தினார். சர்ஜன் நிதானமாகக் கேட்டார்.

“எடுக்கலாமான்னுதானே கேட்டீங்க? பாதியா முழுசான்னு கேட்டீங்களா?”

அண்ணன் யோசித்தார். நிஜமாகவே நின்று யோசித்தார். “அது கேக்கலீங்களே,” என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, “ஏன்டா, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?” என்றார். அண்ணன் மருந்துப் பையை என் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு தம்பிக்கான எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்லி நான் கேட்கவில்லை.

நான் நோட்ஸில் புதுசாக ஒரு வரி எழுதினேன். மறுபடி விளக்கப்பட்டது, பேஷண்ட் கேள்வி கேட்டார், பாதி எடுக்க அக்ரீட் என்று. முன்னால் எழுதிய சொல்லை அடிக்கவில்லை. அது அந்தச் சாயங்காலத்துக்கு உண்மை.

6. போன்

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ஓ.டி.யிலிருந்து வெளியே வந்த சர்ஜன், அந்த நரம்பைக் கண்ணால் பார்த்துவிட்டேன் சிஸ்டர் என்றார். பரீட்சை எழுதிவிட்டு வருகிற பையன் மாதிரி இருந்தது அவர் முகம். கட்டியும் கெட்டது இல்லை என்று ரிசல்ட் வந்தது. சாந்தாமணி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆனால் குரல் உடனே வரவில்லை. முதலில் ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது, பிறகு பேச்சு தெளிந்தது. செக்கப்புக்கு வந்தவரை டாக்டர் ஏலம் கூறச் சொன்னார், குரல் பாதியில் உடைந்துவிட்டது. வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆகும், பொறுங்கள் என்றார் டாக்டர். மண்டியில் வேறு ஒருவர் ஏலம் கூறுவதாகவும், தான் பக்கத்தில் நின்று எடை பார்ப்பதாகவும் தங்கவேல் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மாதா கோயில் பூசையில் நான் யாருக்காகவும் தனியாக வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை. அந்த மனிதனின் தொண்டைக்காக வேண்டிக்கொண்டேன். அவர் குரல் திரும்புவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரிலக்டன்ட்லி என்று எழுதுங்கள், தயங்காமல் எழுதுங்கள். ஆனால் அதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டுப் போகாதீர்கள். மனசு எங்கே நின்றுவிட்டது என்று போய்க் கேளுங்கள். நீங்கள் நினைக்கிற காரணம் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். என்னுடையது எல்லாமே தப்பாகத்தான் இருந்தது. கேட்டால் ஆள் எழுந்து போய்விடுவாரோ என்ற பயம் இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் கேட்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சாந்தாமணி. எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை. “செத்த கேளுங்க சிஸ்டர்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எங்கேயோ தூக்கிப் பிடித்தது.

முதலில் லாரி ஹாரன், பெட்டிகளைத் தூக்கிப் போடுகிற சத்தம், மலையாளத்தில் யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். அப்புறம் அதற்கெல்லாம் மேலே எழும்பிக்கொண்டு தங்கவேல். ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. வார்டில் கேட்ட அதே குரல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது உடையாமல் நின்றது. காய்க்காரப் பெண் என்னக்கா ஆச்சு என்று கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு ஒட்டன்சத்திரத்தில் ஒரு பெட்டித் தக்காளி என்ன விலைக்குப் போனது என்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே எனக்குத் தெளிவாகக் கேட்டது.